உங்களுக்குத் தெரியுமா? நிழல் விரும்பும் நீர்ச்செடிகளும் எல்.இ.டி. விளக்கும்

மீன் தொட்டியிலிருந்து பிளாஸ்டிக் செடிகளை எடுத்துவிட்டு உயிருள்ள செடிகளை நடுகிறவர்கள் பெருகிவருகிறார்கள். நல்ல மாற்றம். ஆனால், விளக்கு வாங்கும் இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வாட், லூமன், கெல்வின் என்று பெட்டி நிறைய எண்கள். அவற்றில் செடிக்கு வேண்டியது எது என்பது புரிவதில்லை. குறைந்த வெளிச்சத்திலேயே நன்றாக வளரும் செடிகளுக்கு விளக்கைத் தேர்ந்தெடுக்க உதவும் செய்திகளை இங்கே தொகுத்திருக்கிறோம். கணக்கு வரும் இடங்களில் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். விளிம்பு வரை நிரப்பினால் அது சுமார் 56 லிட்டர் பிடிக்கும்.

செடி எங்கிருந்து வந்தது?

● அனுபியாஸ், மேற்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் காட்டு ஓடைக் கரைகளில் வளர்வது. ஜாவா ஃபெர்ன், தென்கிழக்கு ஆசியாவின் ஈரப் பாறைகளைப் பற்றிக்கொண்டு வளர்வது. புசெபலாந்த்ரா, போர்னியோ தீவுக்கு மட்டுமே உரியது. மூன்றுக்கும் தலைக்கு மேலே அடர்ந்த மரங்கள். கிளைகளின் இடுக்கில் கசிந்து வரும் ஒளியிலேயே வாழப் பழகியவை. அதனால்தான் வீட்டுத் தொட்டியில் சிறிய விளக்கே இவற்றுக்குப் போதுமானதாக இருக்கிறது.

● உலகெங்கும் மீன் தொட்டிகளை அலங்கரிக்கும் கிரிப்டோகோரைன் வெண்டி, கிரிப்டோகோரைன் பெக்கெட்டி ஆகிய இரண்டுக்கும் தாயகம் இலங்கை. நிழலான ஓடைகளில் வளரும் இவை மங்கலான வெளிச்சத்துக்குப் பேர்போனவை. தொட்டி மாறினாலோ, நீரும் வெளிச்சமும் சட்டென்று மாறினாலோ இலைகளெல்லாம் கரைந்துபோகும். செடி செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். வேர் உயிரோடுதான் இருக்கும். சில வாரங்களில் புது இலை விடும்.

● வெளிச்சம் இருக்கும்போது செடி சர்க்கரையைத் தயாரிக்கிறது. சுவாசிப்பதற்காக இரவும் பகலும் அதைச் செலவழிக்கிறது. வரவும் செலவும் சரிக்குச் சரியாக நிற்கும் வெளிச்ச அளவு ஒவ்வொரு செடிக்கும் உண்டு. நிழல் செடிகளுக்கு அந்த அளவு மிகக் குறைவு. அதற்குக் கொஞ்சம் மேலே கொடுத்தாலே வளரத் தொடங்கிவிடும்.

● நிழலில் வளரும் இலைகள் பெரும்பாலும் அகலமாகவும் மெல்லியதாகவும் இருக்கும். பச்சையத்தில் 'ஏ', 'பி' என்று இரு வகை உண்டு. நிழல் இலைகளில் 'பி' வகையின் பங்கு கூடுதலாக இருக்கும். கிடைக்கும் சொற்ப ஒளியையும் விடாமல் பிடிப்பதற்கான ஏற்பாடு இது.

● அனுபியாஸ் சில வாரங்களுக்கு ஓர் இலைதான் விடும். ஆனால், விட்ட இலை நெடுநாள் நிற்கும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மெதுவாக வளரும் இலையின் மேல் கடும் வெளிச்சம் விழுந்தால், இலையை முந்திக்கொண்டு பாசி வளர்ந்துவிடும். அனுபியாஸ் இலைகளில் சுரண்டினாலும் போகாத பச்சைப் புள்ளிகள் நிறைந்திருந்தால், வெளிச்சத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

● அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டின் கிடைமட்டத் தண்டையும் மண்ணுக்குள் புதைக்கக் கூடாது, அழுகிவிடும். கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டிவிட வேண்டும். புதைத்ததால் அழுகிய செடியைப் பார்த்து, வெளிச்சம் போதவில்லை என்று பெரிய விளக்கு வாங்குவது வீண் செலவு.

● கடையில் கிடைக்கும் நீர்ச்செடிகளில் பல, பண்ணையில் நீருக்கு மேலே காற்றில் வளர்க்கப்பட்டவை. தொட்டிக்குள் வந்ததும் பழைய இலைகள் உதிர்வதும், நீருக்கு ஏற்ற புதிய இலைகள் வருவதும் இயல்பு. முதல் மாதத்து உதிர்வுக்கு விளக்கைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

● சிவப்பு இலைச் செடிகள் பலவற்றுக்குக் கூடுதல் வெளிச்சம் தேவை. அந்தச் சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் என்ற நிறமி, மிகுந்த ஒளியிலிருந்து இலையைக் காக்கவும் உதவுகிறது. மங்கலான தொட்டியில் அவை பச்சையாக வெளிறிப்போகும். சிவப்பு வேண்டும், ஆனால் பராமரிப்பு குறைவாக இருக்க வேண்டும் என்றால் பழுப்புச் சாயலுள்ள கிரிப்டோகோரைன் வகைகளே ஏற்றவை.

வெளிச்சத்தை எப்படி அளப்பது?

● நம் கண் வெளிச்சத்தை அளக்கும் கருவி அல்ல. நன்றாக விளக்கேற்றிய அலுவலக மேசையில் 300 முதல் 500 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு) இருக்கும். உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். இடையில் 200 மடங்குக்கும் மேல் வித்தியாசம். ஆனாலும் இரண்டு இடத்திலும் நம்மால் சிரமமில்லாமல் படிக்க முடிகிறது. கண் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. செடியால் அப்படி முடியாது. நமக்குப் பளிச்சென்று தெரியும் கூடம், செடிக்கு இருட்டறையாக இருக்கலாம்.

● லூமன் என்பது மனிதக் கண்ணை வைத்து வகுத்த அளவு. நம் கண் மிகக் கூர்மையாக உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள் கலந்த பச்சை ஒளியை. அதனால் லூமன் கணக்கில் பச்சைக்கு மதிப்பு அதிகம். நீலத்துக்கும் சிவப்புக்கும் குறைவு. ஒளிச்சேர்க்கையில் நீலத்துக்கும் சிவப்புக்கும் பெரும் பங்கு இருப்பதால், லூமனைச் செடிக்கான துல்லிய அளவாகக் கொள்ள முடியாது.

● செடிக்கான அளவு பி.ஏ.ஆர்.; அதாவது, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் கதிர்வீச்சு. 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை விழுகின்றன என்று எண்ணுவது. மைக்ரோமோல் என்ற அலகில் சொல்வார்கள்.

● மங்கல் வெளிச்சச் செடிகளுக்குத் தொட்டியின் அடிமண் மட்டத்தில் 15 முதல் 40 மைக்ரோமோல் கிடைத்தால் போதும் என்பது நீர்ச்செடி வளர்ப்பவர்கள் பின்பற்றும் பொதுக்கணக்கு. உச்சி வெயிலில் சுமார் 2,000 மைக்ரோமோல் விழுகிறது. அதில் நூற்றில் ஒரு பங்கு, அதிகம் போனால் இரண்டு பங்குதான் நமக்குத் தேவை.

● பி.ஏ.ஆர். அளக்கும் கருவி விலை அதிகம். ஆனால் லக்ஸ் அளக்கும் செயலி கைப்பேசியிலேயே கிடைக்கும். வெள்ளை எல்.இ.டி. விளக்குக்கு, லக்ஸ் எண்ணைச் சுமார் 70ஆல் வகுத்தால் தோராயமான மைக்ரோமோல் எண் வரும். அதன்படி, அடியில் 1,000 முதல் 2,800 லக்ஸ் வரை இருந்தால் சரி. தொட்டியில் நீர் நிரப்பும் முன்பே, கைப்பேசியை அடியில் வைத்து அளந்துவிடலாம். ஊதா, இளஞ்சிவப்பு விளக்குகளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

● அளக்கவே வழியில்லை என்றால், லிட்டருக்கு 10 முதல் 20 லூமன் என்று கணக்கிடலாம். நம் 56 லிட்டர் தொட்டிக்கு 560 முதல் 1,120 லூமன். லிட்டருக்கு 40 லூமனைத் தாண்டினால், அது கடும் வெளிச்சத் தொட்டி. அதற்கு வேண்டிய ஏற்பாடுகளே வேறு.

● வாட் என்பது விளக்கு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை மட்டும் சொல்லும். எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்பதைச் சொல்லாது. 'ஒரு கேலனுக்கு இத்தனை வாட்' என்ற பழைய விதி குழல்விளக்குக் காலத்தில் உருவானது. எல்.இ.டி. அதைவிடக் குறைந்த மின்சாரத்தில் கூடுதல் ஒளி தருவதாலும், ஒளி முழுவதையும் கீழ்நோக்கியே செலுத்துவதாலும் அந்த விதி இன்று பொருந்தாது. ஒரு வாட்டுக்கு 100 லூமன் தரும் எல்.இ.டி.யாக இருந்தால், நம் தொட்டிக்கு 6 முதல் 11 வாட் போதும்.

● கெல்வின் எண் ஒளியின் நிறச் சாயலைக் குறிக்கிறது. 3,000 கெல்வின் மஞ்சள் சாயல். 6,500 கெல்வின் பகல் வெளிச்சத்தின் வெண்மை. 10,000 கெல்வின் நீலச் சாயல். செடி இந்த மூன்றிலும் வளரும். 6,500 கெல்வினைப் பலரும் விரும்புவதற்குக் காரணம், இலையின் பச்சையும் மீனின் நிறமும் அதில் இயல்பாகத் தெரிவதுதான்.

● பெட்டியில் சி.ஆர்.ஐ. என்றொரு எண் இருக்கும். ஒரு பொருளின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண் அது, உச்சம் 100. 80 இருந்தால் பரவாயில்லை, 90 இருந்தால் அழகு. இது பார்க்கும் நமக்கான எண். செடி வளர்ச்சிக்கு இதைப் பார்க்க வேண்டியதில்லை.

விளக்குக்குப் பின்னால் இருக்கும் அறிவியல்

● கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யை நிக் ஹோலோன்யாக் 1962இல் உருவாக்கிக் காட்டினார். பிரகாசமான நீலம் கைகூடுவதற்கு 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீலம் இல்லாமல் வெள்ளை இல்லை. அதைச் சாதித்த இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

● வெள்ளை எல்.இ.டி. என்று நாம் வாங்குவது பெரும்பாலும் நீல எல்.இ.டி.தான். அதன் மேல் பூசியிருக்கும் மஞ்சள் நிற ஒளிர்பொருள், நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாகவும் பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றுகிறது. மிச்சமிருக்கும் நீலமும் இவையும் சேர்ந்து வெள்ளையாகத் தெரிகின்றன. செடிக்கு வேண்டிய நீலமும் சிவப்பும் சாதாரண வெள்ளை விளக்கிலேயே இருக்கின்றன.

● நீர்ச்செடி உலகில் கொண்டாடப்படும் இன்னொரு அமானோ இருக்கிறார். நோபல் பெற்ற ஹிரோஷி அமானோ வேறு, இவர் வேறு. இவர் ஜப்பானின் நீகாத்தாவில் பிறந்த டகாஷி அமானோ (1954–2015). மிதிவண்டிப் பந்தய வீரராக இருந்து புகைப்படக் கலைஞரானவர். 1982இல் அக்வா டிசைன் அமானோ நிறுவனத்தைத் தொடங்கியவர். போர்ச்சுகலின் லிஸ்பன் நீர்வாழ் காட்சியகத்தில் அவர் அமைத்த 40 மீட்டர் நீளத் தொட்டி 2015இல் திறக்கப்பட்டது. பாசி தின்னும் அமானோ இறாலைத் தொட்டிகளில் பரவலாக்கியவரும் அவரே.

● டகாஷி அமானோவின் படங்களில் புல்வெளிபோல் விரியும் செடிகளைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் பலர் கடும் வெளிச்ச விளக்கு வாங்குகிறார்கள். அந்தத் தொட்டிகளில் கரியமில வாயுவும் உரமும் அளந்து செலுத்தப்படுகின்றன. இலைகள் அடிக்கடி கத்தரிக்கப்படுகின்றன. விளக்கை மட்டும் நகலெடுத்தால் நமக்குக் கிடைப்பது பாசிதான்.

● இலை பச்சையாகத் தெரிவதால் அது பச்சை ஒளியைப் பயன்படுத்துவதே இல்லை என்று நினைப்பது தவறு. 1882இல் ஜெர்மன் அறிவியலாளர் எங்கெல்மான், பட்டகத்தால் பிரித்த ஒளியை ஒரு பாசி இழையின் மேல் விழச் செய்தார். ஆக்சிஜனைத் தேடும் பாக்டீரியாக்கள் நீலமும் சிவப்பும் விழுந்த இடங்களில் மொய்த்தன. பிறகு 1972இல் கீத் மெக்கிரீ பல்வேறு பயிர்களின் இலைகளை அளந்து வெளியிட்ட ஆய்வில், பச்சை ஒளிக்கும் கணிசமான பங்கு இருப்பது தெரிந்தது. வெள்ளை விளக்கில் இருக்கும் பச்சை வீணாவதில்லை.

● வெளிச்சத்தில் நீர்ச்செடி குமிழிகள் விடுவதும், இருட்டில் அது நின்றுபோவதும் 1779லேயே பதிவாகிவிட்டன. பதிவு செய்தவர் டச்சு மருத்துவர் யான் இங்கென்ஹௌஸ். பள்ளியில் ஹைட்ரில்லாவைப் புனலுக்குள் வைத்து, சோதனைக்குழாயில் ஆக்சிஜன் சேர்வதைப் பார்த்திருப்பீர்கள். தொட்டியில் இலை நுனியில் முத்துக்கோத்து நிற்கும் குமிழிகளும் அதே ஆக்சிஜன்தான். ஆனால், மங்கல் வெளிச்சத் தொட்டியில் குமிழி தெரியாவிட்டால் கவலை வேண்டாம். உற்பத்தியாகும் ஆக்சிஜன் நீரிலேயே கரைந்துவிடும்.

● லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850இல், தங்க மீன்களையும் வாலிஸ்நேரியா செடியையும் நத்தைகளையும் ஒரே தொட்டியில் வைத்து, அடிக்கடி நீர் மாற்றாமலேயே வாழவைத்துக் காட்டினார். எடிசனின் மின்விளக்கு வருவதற்கு சுமார் 30 ஆண்டுகள் முன்பு நடந்தது இது. நீர்ச்செடித் தொட்டிக்கு ஆடம்பர விளக்கு அடிப்படைத் தேவை அல்ல என்பதற்கு அதுவே சான்று.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

● விளக்கின் நீளம் தொட்டியின் நீளத்துக்கு ஒத்திருக்க வேண்டும். 2 அடித் தொட்டியின் நடுவில் சிறிய கிளிப் விளக்கை மாட்டினால், நடுவில் வெளிச்சம் மிகுந்து பாசி பிடிக்கும்; ஓரங்கள் இருண்டு கிடக்கும்.

● வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இரண்டு விளக்குகளில் ஒன்றுக்கு வாட் அதிகம், மற்றொன்றுக்கு டிம்மர் உண்டு என்றால், டிம்மர் உள்ளதையே எடுங்கள். எந்தத் தொட்டிக்கு எவ்வளவு சரி என்பது மாட்டிப் பார்த்த பிறகே தெரியும். குறைக்க வழியுள்ள விளக்கே பல ஆண்டுகளுக்கு உதவும்.

● ஒளி விரியும் கோணமும் முக்கியம். பெரும்பாலான எல்.இ.டி. பட்டைகள் 120 பாகை அளவுக்கு விரித்து வீசும். 1 அடி உயரத் தொட்டிக்கு அது ஏற்றது. 60 பாகைக்குள் குவிக்கும் கண்ணாடி வில்லை பொருத்திய விளக்குகள் 2 அடி ஆழத் தொட்டிகளுக்கானவை. ஆழமில்லாத தொட்டியில் அவை அங்கங்கே கடும் வெளிச்சப் பொட்டுகளை உண்டாக்கும்.

● ஐ.பி. எண்ணைக் கவனியுங்கள். முதல் இலக்கம் தூசிக்கு எதிரான பாதுகாப்பு, இரண்டாவது நீருக்கு எதிரானது. ஐ.பி. 44 தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐ.பி. 65 பீய்ச்சும் நீரைத் தாங்கும். ஐ.பி. 67 ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் முழுகினாலும் தாங்கும். மூடியில்லாத தொட்டிக்கு ஐ.பி. 65க்குக் குறையாமல் வாங்குவது நல்லது.

● '50,000 மணி நேரம்' என்று போட்டிருந்தால், அதன் பிறகு விளக்கு அணைந்துவிடும் என்று பொருளல்ல. வெளிச்சம் தொடக்க அளவில் 70 சதவீதமாகக் குறையும் காலத்தையே வழக்கமாக அப்படிக் குறிப்பிடுவார்கள். தினமும் 8 மணி நேரம் எரித்தால் அது 17 ஆண்டுகள். ஆனால் வெப்பம் இந்த ஆயுளைக் குறைக்கும். அதனால் பிளாஸ்டிக் உடலைவிட அலுமினிய உடல் மேல். பல விளக்குகளில் எல்.இ.டி.க்கு முன்பே மின்சாரத்தை மாற்றித்தரும் டிரைவர் பழுதாகிறது. அது தனியாக மாற்றத்தக்கதா என்றும் விசாரியுங்கள்.

● வீட்டுக்கு வாங்கும் 2 அடி, 10 வாட் 'கூல் டேலைட்' எல்.இ.டி. குழல்விளக்கு சுமார் 1,000 லூமன் தரும். நிறச் சாயல் 6,500 கெல்வின். நம் தொட்டியின் தேவையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், கச்சிதமாகப் பொருந்துகிறது. நீராவியும் தெறிப்பும் படாதபடி கண்ணாடி மூடிக்கு மேலே பத்திரமாகப் பொருத்த வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

● ஊதா நிறத்தில் எரியும் 'குரோ லைட்' விளக்கிலும் செடி வளரும். ஆனால் பச்சை இலை கறுத்துத் தெரியும், மீனின் இயல்பான நிறம் தெரியாது. தொட்டி பார்ப்பதற்கும்தான் இருக்கிறது. வெள்ளையே போதும்.

● விளக்கு துடிக்கிறதா என்று கடையிலேயே சோதிக்கலாம். கைப்பேசிக் கேமராவை விளக்கின் அருகே பிடித்துப் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால், ஒளி வேகமாக அணைந்து எரிகிறது என்று பொருள். செடிக்கு அதனால் பாதிப்பில்லை. கூர்ந்து பார்க்கும் நம் கண்ணுக்குச் சோர்வு தரலாம்.

● சென்னை கொளத்தூர் போன்ற வண்ண மீன் சந்தைகளுக்குப் போகும்போது, தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். எந்தச் செடி வைக்கப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். செடியை முடிவு செய்த பிறகே விளக்கை முடிவு செய்ய வேண்டும்.

மாட்டிய பிறகு

● டிம்மர் இல்லாத விளக்கு வாங்கிவிட்டீர்களா? நீர்மட்டத்திலிருந்து உயர்த்தி மாட்டினாலே அடியில் விழும் வெளிச்சம் குறையும். தாங்கு கால்களோ தொங்கு கம்பியோ போதும்.

● சால்வினியா போன்ற மிதக்கும் செடிகள் இயற்கையான டிம்மர். வெளிச்சத்தைக் குறைப்பதோடு, பாசிக்குத் தீனியாகும் சத்துகளையும் உறிஞ்சிவிடும். நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் பரவாமல் அவ்வப்போது அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

● தொட்டியின் பக்கக் கண்ணாடிகளே வெளிச்சத்தைக் காப்பாற்றுகின்றன. மேலிருந்து நீருக்குள் நுழையும் ஒளி கீழ்நோக்கி வளைகிறது. வளைந்த கதிர் பக்கக் கண்ணாடியில் சாய்வாகப் படும்போது, பெரும்பகுதி வெளியே போகாமல் முழு அக எதிரொளிப்பால் உள்ளேயே திரும்புகிறது. கண்ணாடியில் பாசி படர்ந்தால் இந்த லாபம் போய்விடும்.

● ஆழ்கடல் நீலமாக இருப்பதற்குக் காரணம், நீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்கிவிடுவதுதான். ஆனால் 1 அடித் தொட்டியில் அந்த இழப்பு மிகச் சிறிது. அதற்காகச் சிவப்பு எல்.இ.டி.யைத் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. மரக்கட்டையோ நாட்டுவாதுமை இலையோ போட்டு நீர் பழுப்பேறியிருந்தால் கதை வேறு. அந்தக் கறை நீல ஒளியைப் பெரிதும் தடுத்துவிடும்.

● ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம். தெறிக்கும் நீர் ஆவியாகும்போது, அந்த உப்பு கண்ணாடி மூடியிலும் விளக்கின் அடியிலும் வெள்ளைப் படலமாகப் படியும். செடி வாடினால் புது விளக்கு தேடும் முன், மூடியைக் கழற்றி எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்துக் கழுவுங்கள்.

● மங்கல் வெளிச்சத் தொட்டிக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேர வெளிச்சம் போதும். புதிய தொட்டியில் முதல் மாதம் 6 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். நமக்கு மாலையில்தான் தொட்டியைப் பார்க்க நேரம் என்றால், பிற்பகல் 2 மணி முதல் இரவு 9 மணி வரை வைத்துக்கொள்ளலாம். செடிக்கு நேரம் முக்கியமல்ல, ஒழுங்கு முக்கியம்.

● அந்த ஒழுங்கை டைமர் பார்த்துக்கொள்ளும். சுழலும் முள் கொண்ட டைமர் மின்தடையின்போது நின்றுவிடும். ஒரு மணி நேரம் மின்சாரம் போனால் அட்டவணையும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரில் அந்தத் தொல்லை இல்லை.

● கரியமில வாயு காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். காற்றோடு சமநிலையில் இருக்கும் ஒரு லிட்டர் நீரில் அது அரை மில்லிகிராம் அளவுக்குத்தான் கரைந்திருக்கும். சிலிண்டர் வைத்துச் செலுத்துகிறவர்கள் அதை 20 முதல் 30 மில்லிகிராம் வரை உயர்த்துகிறார்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் செடியின் வாயுத் தேவையும் கூடும். கிடைக்காதபோது செடி திணறும், பாசி தழைக்கும். குறைந்த வெளிச்சத்தைத் தேர்ந்தெடுத்தால் சிலிண்டரே தேவையில்லை. மங்கல் வெளிச்சத் தொட்டியின் மிகப் பெரிய வசதி இதுதான்.

● சிலிண்டர் இல்லாத தொட்டிகளுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் டயானா வால்ஸ்டட். 1999இல் வெளிவந்த அவரது நூல் இன்றும் பேசப்படுகிறது. நண்பகலில் சில மணி நேரம் விளக்கை அணைத்துவைக்கும் இடைவேளை முறையை அவர் பரிந்துரைத்தார். அந்த நேரத்தில், செடிகள் தீர்த்துவிட்ட கரியமில வாயு மீண்டும் நீரில் சேர்கிறது.

● ஜன்னலோரம் தொட்டியை வைத்தால் டைமர் போட்டும் பயனில்லை. நேர்வெயில் சிறிது நேரம் பட்டாலே நீர் பச்சையாகிவிடக்கூடும்; கோடையில் நீர் சூடேறும் அபாயமும் உண்டு.

● பெரும்பாலான மீன்களுக்குக் கண் இமை கிடையாது. இருண்ட அறையில் விளக்கைச் சட்டென்று போட்டால் மீன்கள் மிரண்டு கண்ணாடியில் மோதும். அறை விளக்கை முதலில் போட்டு, சிறிது நேரம் கழித்துத் தொட்டி விளக்கைப் போடுங்கள். இரவு முழுவதும் நீல விளக்கை எரியவிடாதீர்கள். மீனுக்கும் இருட்டு வேண்டும்.

● நியான் டெட்ராவின் நீலப் பட்டை நிறமியால் வந்ததல்ல. தோல் செல்களில் இருக்கும் நுண்ணிய படிகத் தட்டுகள் ஒளியைத் திருப்புவதால் வருவது. இருட்டில் அது மங்கி ஊதாவாகும். வெளிச்சம் வந்ததும் மீண்டும் நீலமாகும். காலையில் நிறம் வெளுத்திருந்தால் நோய் என்று பயப்பட வேண்டாம்.

● தண்டு நெட்டையாக நீண்டு, கணுக்களுக்கிடையே இடைவெளி பெருகி, அடி இலைகள் உதிர்ந்தால் வெளிச்சம் போதவில்லை. இலையிலும் கண்ணாடியிலும் பாசி ஏறினால் வெளிச்சம் மிகுதி. எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு மூன்று வாரம் பொறுத்திருந்து பாருங்கள். செடிக்குப் பழக அவ்வளவு காலம் வேண்டும்.

● விளக்கின் வயர், பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறும்படி இருக்க வேண்டும். வயர் வழியே வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், மின்செருகிக்குள் போகாது. வீட்டில் மின்கசிவின்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இருப்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். தொட்டிக்குள் கை விடும் முன் விளக்கையும் மோட்டாரையும் அணைத்துவிடுங்கள்.

● 10 வாட் விளக்கை தினமும் 8 மணி நேரம் எரித்தால் மாதத்துக்கு 2.4 யூனிட்தான் செலவு.

● கத்தரித்த செடிகளைக் குளத்திலோ ஏரியிலோ வீசாதீர்கள். ஆசியாவின் ஹைட்ரில்லா மீன் தொட்டி வணிகத்தின் வழியே அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய், அங்கே நீர்நிலைகளை அடைக்கும் களையாகிவிட்டது. இலங்கையின் கிரிப்டோகோரைன் பெக்கெட்டி டெக்சஸின் சான் மார்கோஸ் ஆற்றில் பரவியது. வேண்டாத செடியைக் காயவைத்து உரக்குழியில் போடுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்: 2 அடித் தொட்டிக்கு, அதே நீளத்தில், 6,500 கெல்வின், 560 முதல் 1,120 லூமன், டிம்மர், அலுமினிய உடல், ஐ.பி. 65, கூடவே ஒரு டைமர். இவ்வளவே தேவை. விளக்குக்கு ஒதுக்கிய பணத்தில் மிச்சமானதைக் கூடுதலாக நான்கு செடிகளுக்குச் செலவிடுங்கள். பாசியை அடக்குவதில் பெரிய விளக்கைவிட அவை உங்களுக்கு அதிகம் உதவும்.